பொட்டு வைத்த சிடி

ஒருவர் கடைக்கு வந்து சிடியை நீட்டுகிறார். நீங்கள் டிரைவில் போடுகிறீர்கள். உள்ளே மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். மேசை அதிர்கிறது, மேசைமேல் இருக்கும் டீ கிளாஸ் நகர்கிறது. நீங்கள் பதறிப்போய் சிடியை வெளியே எடுத்து, "சிடி போச்சுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான், புதிதாகக் கணினிக் கடை வைக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னபோது, வைரஸ், ஹார்ட் டிஸ்க் போன்ற பெரிய சமாசாரங்களை ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டேன்.

"இந்தக் காலத்தில் சிடியா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று பாருங்கள். ஸ்கேன் எடுத்தவர்கள் கையில் இன்றைக்கும் பல இடங்களில் ஒரு சிடியைத்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. சுற்றிச் சுற்றி அவர்கள் நம் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங், சிடி காப்பி எல்லாம் சேர்ந்த ஒரு கடையை நான் வெகுகாலம் நடத்தினேன். இப்போது என் தங்கை மகள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். நான் போனால், "உக்காரு பெரிம்மா, எதையும் தொடாதே" என்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். ஓய்வு என்றால் அதுதானே.

சத்தத்துக்குக் காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பாட்டு கேட்கிற பிளேயர் சிடியை நிதானமாகச் சுற்றும். கணினி டிரைவ் அவசரக்காரன். உள்ளே இருப்பதைச் சீக்கிரம் படித்துவிட வேண்டும் என்று, எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் சிடியின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட இம்மி கனமாக இருந்தாலும் போதும், முழுச் சிடியும் கிடந்து ஆடும். மலிவான சிடிகளில் பிளாஸ்டிக்கைச் சீராக வார்த்திருக்க மாட்டார்கள். வெயிலில் கிடந்தது கொஞ்சம் வளைந்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசம் மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர். எங்கள் பக்கத்துக் கல்யாண சிடிகளில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். "நாயனத்தக் காணோம், மிஷினு சத்தம்தான் கேக்குது" என்று ஒரு மாமனார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நாயனத்தை நானா ஒளித்துவைத்தேன்?

இதெல்லாம் ஒருமுறை சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். அதற்கு ஒரு சிடியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மதிய நேரத்தில் கோட்டைக்குப்பம் தேவகியும் அவள் கணவன் கஜேந்திரனும் கடைக்கு வந்தார்கள். இருவரும் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். கஜேந்திரன் கடலுக்கும் போவான், ஏரியிலும் வலை போடுவான். தேவகி மீன் கூடையோடு பஸ் ஏறிப் பொன்னேரி வரைக்கும் போய் விற்றுவருவாள். அன்றைக்குக் கூடை இல்லை. சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்திருந்தார்கள்.

"யக்கா, இத்த கொஞ்சம் பாரு," என்று தேவகி பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள். "ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல போட்டா பேய் மாரி கத்துது. அங்க இருந்த பொண்ணு, சிடி செத்துப்போச்சும்மானு சொல்லி கைல குடுத்துட்டா."

விஷயம் இதுதான். முன்பு ஒருமுறை கஜேந்திரனுக்கு விடாத இருமல் வந்து ஸ்கேன் எடுத்தபோது, நுரையீரலில் சிறியதாக ஒரு புள்ளி இருந்தது. பழைய தழும்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், கொஞ்ச நாள் கழித்து வந்து திரும்பவும் எடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இருமல் நின்றதும் இவன் அதை மறந்துவிட்டான். கடல், ஏரி, மகள் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போய், இருமல் திரும்பி வந்த பிறகுதான் மறுபடி சென்னைக்குப் போனான். புது ஸ்கேனிலும் புள்ளி இருந்தது. டாக்டர் பழைய சிடியைக் கேட்டார். புள்ளி அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தால் பயமில்லை, விட்டுவிடலாம். வளர்ந்திருந்தால் உடனே ஆபரேஷன். மறுநாள் காலையில் டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வதாக இருந்தது. அதற்குள் பழைய படம் அவர்களுக்கு வேண்டும். பழைய ஸ்கேன் எடுத்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு பிரதி எங்கும் கிடையாது.

"பழய படம் இல்லன்னா இன்னா பண்ணுவாங்களாம்?" என்று கேட்டேன்.

"எதுக்கும் அறுத்துப் பாத்துடலாம்ன்றாங்க," என்றான் கஜேந்திரன். "ஒன்னும் இல்லாததுக்கு நான் ஏன் அறுபடணும்? சிடி போச்சா, போவட்டும் வுடு. நான் ஆஸ்பத்திரிக்கே போறதா இல்லக்கா. காலைல கடலுக்குப் போறேன்."

தேவகி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சொன்னால் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிடி செத்துவிட்டது என்று நான் சொன்னால், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமலே அவன் படகேறிப் போய்விடுவான்.

சிடியை டிரைவில் போட்டேன். அது எடுத்த எடுப்பில் கத்தியது. உடனே பொத்தானை அழுத்தி வெளியே எடுத்துவிட்டேன். கத்துகிற சிடியை, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் பார்க்கலாம்" என்று ஓடவிடாதீர்கள். அது உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டது. இனி நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தேன். பெயர் அச்சடித்த மேல்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, மஞ்சளும் சந்தனமும் குங்குமமுமாகக் காய்ந்து இறுகிய ஒரு திட்டு. புளியங்கொட்டை அகலம் இருக்கும். தொட்டுப் பார்த்தால் மேடாகத் தட்டுப்பட்டது.

"இது இன்னா தேவகி?"

"பொட்டுக்கா."

"சிடிக்குப் பொட்டா?"

"சிடிக்கு இல்லக்கா. அதுல இவரு பேரு போட்டுருக்கு பாரு, அதுக்கு."

எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் புது வலை, புது இன்ஜின், புது செல்போன் எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அதற்கு ஒரு பொட்டு விழும். என் கடைப் பிரிண்டரின் நெற்றியில்கூட ஆயுதபூஜைக் குங்குமம் அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் இருக்கும். ஆனால் தேவகி ஒருநாளோடு விட்டவள் இல்லை. சிடியை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில், அவன் பெயருக்கு மேலே, நெற்றியில் வைப்பதுபோல வைத்து வந்திருக்கிறாள்.

"உள்ள இருக்கறது வளரக் கூடாதுனு வேண்டிகினு வெச்சேன்க்கா. பழய பொட்ட அழிச்சா ஆவாதுனு அது மேலயே வெச்சேன். எங்க நைனாகூட மஞ்ச வெக்காம வலய தண்ணில எறக்க மாட்டாரு."

ஒரு பக்கம் கனமாகிவிட்டதால் சிடி ஆடுகிறது, அதனால்தான் கத்துகிறது என்று சொன்னேன். அவள் முகம் அப்படியே இருண்டுவிட்டது.

"அப்போ நான் வெச்ச பொட்டுதான் கெடுத்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்துவிட்டாள். துடைப்பதற்குச் சிடியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைக் கப்பென்று பிடித்தேன். என் வயதுக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நானே நினைத்திருக்கவில்லை.

இந்த இடத்தை நன்றாக மனதில் வையுங்கள். சிடியில் எல்லோரும் பளபளப்பான பக்கத்தைத்தான் கண் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் படமும் தகவலும் எழுதியிருப்பதெல்லாம் மேல்பக்கத்தில், பெயர் அச்சடித்த மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. காய்ந்த பொட்டு அந்தப் பூச்சோடு ஒட்டிப்போயிருந்தது. அதைச் சுரண்டினால், நனைத்து இழுத்தால், பூச்சும் அதன் அடியில் இருக்கும் வெள்ளித் தகடும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். சிடியின் கீழ்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எழுதிய பகுதி ஒரு நிறமாகவும் எழுதாத பகுதி வேறு நிறமாகவும் தெரியும். பார்த்தேன். பொட்டின் பாதி, எழுதிய பகுதியின் மேல் உட்கார்ந்திருந்தது. போதாததற்கு, நடு ஓட்டைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். பிளாஸ்டிக் உறையின் நடுக் குமிழிலிருந்து யாரோ நெம்பி எடுத்திருக்க வேண்டும். அதோடு முழு வேகத்தில் சுற்றவிட்டால் சிடி உள்ளேயே துண்டு துண்டாகச் சிதறிவிடும்.

ஆக, பொட்டை எடுக்கவும் முடியாது, பொட்டோடு ஓட்டவும் முடியாது. இப்படி இரண்டு பக்கமும் அடைபட்டு நிற்கிற நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் நல்லது. நம்மில் பலபேர் அப்போதுதான் கையில் எதையாவது எடுத்து நோண்ட ஆரம்பிக்கிறோம்.

"வூட்ல எதுலயாவது போட்டுப் பாத்தியா தேவகி?"

"போன வாரம் டிவிடி பிளேயர்ல போட்டேன்க்கா. படம் ஒன்னும் வரல. ஆனா சத்தமும் வரல, கம்முனு சுத்திகினு இருந்துச்சு."

எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். மெதுவாகச் சுற்றினால் இந்தச் சிடி கத்தாது. அப்படியென்றால் அது சாகவில்லை.

ஒரு வழுவழுப்பான பேனாவை எடுத்து நடு ஓட்டையில் நுழைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தேன். சிடி தானாகச் சுழன்று, பொட்டு இருக்கும் பக்கம் கீழே வந்து நின்றது. எங்கே விட்டாலும் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. அதுவரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்த கஜேந்திரன் கிட்டே வந்தான்.

"ஒரே பக்கமா வலய குமிச்சா படகு இப்டித்தான் சாயும்," என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "அம்மாம் பொட்டு வெச்சிகீற நீ," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை.

எதிர்ப்பக்கம் கனம் ஏற்ற வேண்டும். ஈரமான எதுவும் ஆகாது, வேகத்தில் சிதறும். செல்லோடேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தேவகி அதற்குள் பர்ஸைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது ஆவுமாக்கா?"

"ஆவும். நீயே ஒட்டு."

பொட்டுக்கு நேர் எதிரே, எழுதாத விளிம்பாகப் பார்த்து இடத்தைக் காட்டினேன். அவள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். ஒட்ட ஒட்ட நான் பேனாவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு அட்டை முழுக்கக் காலியாகி, கடைசியில் அவள் தன் நெற்றியில் இருந்ததையும் எடுத்து ஒட்டினாள். அதன் பிறகு சிடி எந்தப் பக்கமும் சாயாமல், விட்ட இடத்தில் நின்றது.

அலமாரியில் ஒரு பழைய டிரைவ் கிடந்தது. வேகம் போதாது என்று கழற்றிப் போட்டது. அதைத் தூசி தட்டி மாட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஓடும்படி வைத்துக்கொண்டு, சிடியை உள்ளே தள்ளினேன். லேசாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். திரையில் கோப்புகளின் பெயர்கள் வந்தன. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. முதலில் காப்பி, பிறகுதான் வேடிக்கை.

பாதிக்கு மேல் போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பொட்டுக்கு அடியில் இருக்கும் பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். டிரைவ் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கை பரபரத்தது. நிறுத்தினால் சிடி அந்த விரிசலோடு முதலிலிருந்து இன்னொரு முறை வேகமெடுக்க வேண்டும். சத்தம் மாறவில்லை, அதனால் நானும் எதையும் மாற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தேவகி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கஜேந்திரன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், ஆனால் போகவில்லை. பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். டீ வந்து, ஆறி, ஆடை கட்டிய பிறகு அந்தக் கோப்பு நகர்ந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

காப்பியை இரண்டு புதுச் சிடியிலும் ஒரு பென் டிரைவிலும் எழுதினேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு படத்தைத் திறந்தபோது கஜேந்திரன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இதுல அந்தப் புள்ளி எங்கக்கா இருக்கு?"

சாம்பல் நிறத்தில் என்னென்னவோ தெரிந்தது. ஓரிடத்தில் வெள்ளையாக ஒன்று என் கண்ணிலும் பட்டது. "எனக்குத் தெரியாதுய்யா. அத டாக்டர்தான் சொல்லணும்," என்று மூடிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படத்தை மீட்டுக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. அதற்குமேல் நாம் வாயைத் திறந்தால், நல்லதைச் சொன்னாலும் தப்பு, கெட்டதைச் சொன்னாலும் தப்பு.

"இத்த எடுத்துகினு போயி, வளந்துருக்குனு சொல்லிட்டா?" என்றான் அவன். கேட்டது என்னையா அவளையா என்று தெரியவில்லை.

"சொன்னா சொல்லட்டும்," என்றாள் தேவகி. "தெரிஞ்சிகினு பயப்படு. தெரியாமயே ஏன் பயந்து சாவற?"

அவன் என்னைப் பார்த்து, "காலைல மொத பஸ்சு எத்தினி மணிக்குக்கா?" என்று கேட்டான். கிளம்பும்போது தேவகியிடம், இனிமேல் பொட்டை உறையின்மேல் வை, சிடியின்மேல் வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"வளந்துருக்குக்கா."

அவளே தொடர்ந்தாள். "நெறய இல்லியாம், கொஞ்சம்தானாம். இப்பவே வந்தது நல்லதாப் போச்சுன்றாங்க. அட்மிட் பண்ணிட்டாங்க. இவரு கம்முனு படுத்துகினு இருக்காரு."

போனை வைத்த பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சிடியைக் காப்பாற்றிவிட்டால் அதற்குள் நல்ல செய்திதான் இருக்கும் என்று நான் பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு வருஷம் வேலை பார்த்தாலும் இந்த அசட்டுத்தனம் போவதில்லை. நாம் மீட்டுக் கொடுப்பது உள்ளே இருப்பதைத்தான், நமக்குப் பிடித்ததை இல்லை. அன்றைக்குக் கெட்ட செய்தியாகப் பட்டதுதான் அவனுக்கு வேண்டியிருந்த செய்தி என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆபரேஷன் நடந்தது. கஜேந்திரன் இளைத்துப்போய்த் திரும்பி வந்தான். முதலில் ஏரிக்கு மட்டும் போனான், பிறகு கடலுக்கும் போக ஆரம்பித்தான்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் தேவகி கடைக்கு வந்தாள். அவனுக்குத் திரும்பவும் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக அப்போதே ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்ள வந்திருந்தாள். உறையிலிருந்து சிடியை எடுத்தேன். பெயருக்கு மேலே விளிம்பில் ஒரு பொட்டு. அதற்கு நேர் எதிரே, கீழ் விளிம்பில், அதே அளவில் இன்னொரு பொட்டு. இரண்டும் மெல்லியதாக, பார்த்துப் பார்த்து வைத்தவை.

"உறை மேல வெக்கச் சொன்னேனே தேவகி."

"உறைல இவரு பேரு இல்லியேக்கா," என்றாள். "அதான் ரெண்டு பக்கமும் வெச்சேன். பேனா வுட்டுப் பாத்துட்டுத்தான் எட்த்தாந்தேன்."

புது டிரைவிலேயே போட்டேன், அவசரக்காரனில். வெளியே எடுக்கும் பொத்தானின்மேல் ஒரு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். டிரைவ் முழு வேகத்துக்கு ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போட்டதெல்லாம் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாமே இவ்ளோ நேரம், காத்து திரும்பிடும், ஏரிக்குப் போவணும்" என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்த கஜேந்திரன்தான்.